கூரையில் ஒரு கழனி

தஞ்சை மாவட்டத்தில் வெயிலைப் புகழ்ந்து பேசுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். நீரைப் பற்றிப் பேசுவதே நமக்கு வழக்கம். மேட்டூரில் நீர் எவ்வளவு, கல்லணை திறந்தாயிற்றா, கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்ந்ததா என்பவையே நம் திண்ணைகளில் நாள்தோறும் எழும் கேள்விகள். வானம் பொய்ப்பதுண்டு, காவிரி காலந் தாழ்த்துவதுண்டு. ஆனால் ஆண்டின் பெரும்பகுதி நாட்களில் தவறாது நம் வாயிலுக்கு வந்து நிற்கும் செல்வம் ஒன்று இருக்கிறது. அதுதான் கதிரவன் ஒளி. தைத் திங்கள் முதல் நாளன்று புதுப் பானையில் பொங்கலிட்டு அதனை வணங்குகிறோம். ஆடுதுறைக்கு அருகே சூரியனார் கோயில் என்று தனிக் கோயிலே கண்டவர்கள் நாம். அவ்வொளியில் நெல் உலர்த்துகிறோம். வற்றல் காய வைக்கிறோம். ஆயினும் அதைக் கொண்டே வீட்டு விளக்கை ஏற்றலாம், விசிறியைச் சுழற்றலாம் என்னும் பாடத்தை இப்போதுதான் படிக்கத் தொடங்கியிருக்கிறோம். இப்பாடத்தைக் கற்பிக்க வேண்டிய ஆசிரியர் யார் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் பாடத்தைச் சுருக்கமாகப் பார்ப்போம். சிலிக்கன் என்னும் பொருளால் ஆன மெல்லிய தகடுகளின்மேல் ஒளி விழும்போது மின்னோட்டம் பிறக்கிறது. அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தினர் 1954-ஆம் ஆண்டில் இத்தகைய தகட்டை உலகுக்குக் காட்டியபோது, விழுந்த ஒளியில் நூற்றில் ஆறு பங்கே மின்சாரமாயிற்று. இன்று கடைகளில் கிடைக்கும் தகடுகள் நூற்றில் இருபது பங்குக்கு மேல் தருகின்றன. ஒரு கிலோவாட் திறனுள்ள தகடுகளுக்கு ஏறத்தாழ நூறு சதுர அடி இடம் போதும். அந்த இடத்தில் நிழல் விழலாகாது. நம் பகுதி வெயிலில் அது நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு யூனிட் மின்சாரம் தரும். சித்திரை வைகாசியில் இது கூடும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் குறையும். தஞ்சை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ பதினோரு பாகையில் இருப்பதால், தகடுகளைத் தெற்கு நோக்கிச் சிறிது சாய்த்து வைத்தால் போதுமானது.

பகலில் விளைந்த மின்சாரத்தில் வீட்டுக்கு வேண்டியது போக எஞ்சியது கம்பி வழியே ஊருக்குப் போகும். இரவில் நமக்கு வேண்டியது அதே கம்பி வழியே திரும்பி வரும். போனதையும் வந்ததையும் ஒரே மீட்டர் கணக்கு வைத்துக்கொள்ளும். டெல்டா விவசாயிக்கு இது புதிய செய்தியன்று. மேல் வயலின் வடிகால் கீழ் வயலுக்கு வாய்க்காலாகும் முறையிலேதான் நாம் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகிறோம்.

பொருள் எளிது, ஆனால் கடைப்பிடிப்பது அவ்வளவு எளிதன்று. 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மத்திய அரசு வீட்டுக் கூரை மின்சாரத் திட்டம் ஒன்றை அறிவித்தது. ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000 ரூபாய், மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் என மானியமும் வகுத்தது. நாடு முழுவதும் ஒரு கோடி வீடுகள் என்பது குறிக்கோள். மானியம் இருக்கிறது, வங்கிக் கடனும் இருக்கிறது. இவ்வளவு இருந்தும் நம் தெருவில் ஒரு குடும்பத் தலைவர் தயங்கி நிற்கிறார் என்றால், அதற்குப் பணம் மட்டும் காரணமன்று, ஐயமும் காரணமாகும். என் கூரை தாங்குமா? பக்கத்துத் தென்னையின் நிழல் கெடுத்துவிடுமா? போட்ட முதல் எத்தனை ஆண்டில் திரும்பும்? பழுதானால் யாரைக் கூப்பிடுவது? இவற்றை விற்பவரிடம் கேட்டால் விற்பவருக்கு உரிய விடைதான் கிடைக்கும். அதில் குற்றமில்லை, அது அவர் தொழில். விற்பதில் ஆதாயம் இல்லாத, ஆனால் விஷயம் தெரிந்த ஒருவர் வேண்டும். ஊரில் அப்படிப்பட்டவர் எங்கே இருக்கிறார்? பல்கலைக் கழகத்தில் இருக்கிறார்.

இது வெறுங் கற்பனை அன்று. சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 1959-இல் தோன்றியது. அங்கே பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவர் குழுவினரும் வீடுகளுக்கென்றே ஒரு முறையை உருவாக்கினார்கள். தகடு தருவது நேர்மின்னோட்டம். மின்கலம் சேமிப்பதும் அதுவே. இன்றைய எல்இடி விளக்கு உள்ளே பயன்படுத்துவதும் அதுவே. அப்படியிருக்க, அதை மாறுமின்னோட்டமாக மாற்றி, மீண்டும் நேர்மின்னோட்டமாக மாற்றி, இடையிலே ஏன் இழக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். 48 வோல்ட் நேர்மின்னோட்டத்தை அப்படியே வீட்டில் ஓட விட்டார்கள். அதற்கு ஏற்ற விசிறி முப்பது வாட் அளவில் சுழல்கிறது. பழைய விசிறிக்கு எழுபது வாட்டுக்கு மேல் வேண்டும். இம்முறையை இராஜஸ்தானத்தில் ஜோத்பூர், ஜெய்சல்மேர் மாவட்டங்களின் பாலைவனத்தில், மின்கம்பி எட்டாமல் சிதறிக் கிடந்த ஏறத்தாழ நாலாயிரம் வீடுகளில் அமைத்தார்கள். வீட்டுக்கு 125 வாட் தகடு ஒன்று. அதனுடன் மின்கலம், விளக்குகள், ஒரு விசிறி, கைப்பேசிக்கு மின்னேற்ற ஒரு துளை. மயிலாப்பூருக்கும் அடையாற்றுக்கும் அண்மையில் நடந்த ஆராய்ச்சி, தார்ப் பாலைவனத்துத் தாய்மார்களின் அடுக்களையில் ஒளியாயிற்று.

பம்பாயிலுள்ள தொழில்நுட்பக் கழகம் வேறொரு வழியில் சென்றது. பள்ளிப் பிள்ளைகள் இரவில் படிப்பதற்கான சூரிய விளக்குகளை 2014 முதல் பத்து இலட்சம் என்னும் கணக்கில் அது பரப்பியது. பிள்ளைகள் தம் பங்காக 120 ரூபாய் கொடுத்தார்கள். இதில் நான் வியப்பது எண்ணிக்கையை அன்று. விளக்கின் உறுப்புகளைக் கூட்டிப் பூட்டியவர்களும், விற்றவர்களும், பழுது பார்த்தவர்களும் அந்தந்த ஊர்க்காரர்களே. அவர்களுக்குப் பயிற்சி அளித்ததே அக்கழகத்தின் பெரும்பணி. விளக்கைக் கொடுத்துவிட்டுப் போவது தருமம். விளக்கைப் பழுது பார்க்கக் கற்றுக் கொடுப்பது கல்வி. சூரியத் தெருவிளக்குகள் சில ஊர்களில் ஏன் அணைந்து கிடக்கின்றன என்று பாருங்கள். தகடு இருபத்தைந்து ஆண்டு உழைக்கக் கூடியது. அதனுடன் வைத்த ஈயமின்கலம் நான்கைந்து ஆண்டில் ஓய்ந்துவிடும். அதை மாற்றத் தெரிந்த கையும், மாற்றுவதற்கு ஒதுக்கிய பணமும் இல்லையென்றால், கம்பத்தின்மேல் தகடு காக்கைக்குத்தான் பயன்படும்.

நம் பகுதிக்கு வருவோம். பல்கலைக் கழகங்களுக்கு இங்கே குறைவில்லை. 1981-இல் தோன்றிய தமிழ்ப் பல்கலைக் கழகம் இருக்கிறது. திருமலைசமுத்திரத்திலும் வல்லத்திலும் பொறியியல் கற்பிக்கும் நிகர்நிலைப் பல்கலைக் கழகங்கள் இருக்கின்றன. திருவாரூரில் 2009 முதல் மத்தியப் பல்கலைக் கழகம் இருக்கிறது. வல்லத்தில் 1988-இல் பெண்களுக்கென்று தொடங்கிய பெரியார் மணியம்மை பொறியியற் கல்லூரி, சுற்றியுள்ள அறுபத்தைந்து கிராமங்களைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டு, தரிசு நிலத்தைத் திருத்துவது, மழைநீரைத் தேக்குவது, தாவரக் கழிவிலிருந்து மின்சாரம் எடுப்பது ஆகிய பணிகளைச் செய்தது. நகரத்து வசதிகளைக் கிராமத்துக்குக் கொண்டு செல்வது என்ற தம் கொள்கைக்கு எடுத்துக்காட்டாகக் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அதனைப் பலமுறை எடுத்துரைத்தார். கல்லூரிக்கும் கிராமத்துக்கும் இடையே பாதை இருக்கிறது என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சான்று உள்ளது. அப்பாதையில் இனிக் கதிரவனையும் அழைத்துச் செல்ல வேண்டும்.

எவ்வாறு? மூன்று பணிகளைச் சொல்வேன். முதலாவது, அளந்து சொல்வது. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் நால்வர், ஒரு நாடா, ஒரு திசைகாட்டி, ஒரு குறிப்பேடு ஆகியவற்றுடன் ஒரு தெருவுக்குச் செல்லட்டும். காலை ஒன்பது, நண்பகல், மாலை மூன்று ஆகிய வேளைகளில் மாடியில் நிழல் எங்கே விழுகிறது என்று குறிக்கட்டும். தகடுகள் ஒன்றோடொன்று தொடுத்தவை. ஒரு தென்னங்கீற்றின் நிழல் ஒன்றின்மேல் விழுந்தாலும் தொடுப்பு முழுவதும் சோர்வதுண்டு. பின்னர் வீட்டின் மின்கட்டண அட்டையைப் பார்க்கட்டும். நம் மாநிலத்தில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம். அதற்குள் அடங்கும் சிறு குடும்பம் கடன் வாங்கித் தகடு போடுவதால் பெறும் ஆதாயம் மிகச் சிறிது. மாதந்தோறும் மிகுதியாகச் செலவிடும் குடும்பத்துக்கு ஆதாயம் பெரிது. முன்னவரிடம் ‘உங்களுக்கு இப்போது வேண்டா’ என்றும், பின்னவரிடம் ‘தயங்காமல் செய்யுங்கள்’ என்றும் சொல்லும் துணிவு பல்கலைக் கழகத்துக்கு உண்டு. ‘வேண்டா’ என்று சொல்லத் தெரிந்தவரின் ‘வேண்டும்’ என்ற சொல்லைத்தான் ஊர் நம்பும்.

இரண்டாவது, கைகளைப் பழக்குவது. தொழிற்பயிற்சி முடித்து வேலை தேடும் இளைஞர்களும் மகளிர் குழுவினரும், தகட்டைக் கழுவுவது முதல் இணைப்பைச் சோதிப்பது வரை கற்றுக்கொள்ளட்டும். அறுவடைக் காலத்தில் நம் ஊரில் பறக்கும் தூசியும் பதரும் தகட்டின்மேல் படிந்தால் விளைச்சல் குறையும் என்பதை இவர்கள் வீடுதோறும் சொல்வார்கள்.

மூன்றாவது பணி, புயலை நினைவிற் கொள்வது. 2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் நாகைக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாட்டுப் பக்கங்களில் தென்னைகள் வேரோடு சாய்ந்தன. ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் வீழ்ந்தன. பல ஊர்கள் நாட்கணக்கில் அன்று, வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. இங்கே ஓர் உண்மையை மக்கள் அறிய வேண்டும். ஊர்க்கம்பியோடு மட்டும் இணைத்து, மின்கலம் இன்றி அமைத்த தகடுகள், கம்பியில் மின்சாரம் நின்றவுடன் தாமும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்பவரின் உயிரைக் காக்கச் செய்த ஏற்பாடு அது. ஆகவே பட்டப்பகலில் வெயில் எரித்தாலும் அவ்வீட்டில் விளக்கு எரியாது. எல்லா வீடுகளிலும் மின்கலம் வைக்க இயலாது. ஆனால் ஒவ்வோர் ஊரிலும் பள்ளிக்கூடம், புயல் காப்பகம், ஆரம்ப சுகாதார நிலையம் ஆகிய மூன்றின் கூரையிலாவது மின்கலத்தோடு கூடிய அமைப்பு இருந்தால், அந்த இரவுகளில் ஊருக்கு ஒளியும் குடிநீரும் கிடைக்கும். மாடி வீடு இல்லாத, கீற்றும் நாட்டு ஓடும் வேய்ந்த குடும்பங்களுக்கு இதுவே அவர்களுடைய பங்காக அமையும். காற்றைத் தாங்கும்படி சட்டத்தை எவ்வாறு பிணைப்பது என்று கணக்கிட்டுத் தருவது பொறியியல் துறையினரின் கடமை.

இறுதியாக, மண்ணைப் பற்றி ஒரு சொல். நம் மின்சாரம் எங்கிருந்தோ வருகிறது. 1934-இல் கட்டி முடித்த மேட்டூர் அணையின் நீர் நம் வயலுக்கு வருமுன் மின்சாரம் தந்துவிட்டு வருகிறது. நெய்வேலியில் 1962 முதல் பழுப்பு நிலக்கரி எரிகிறது. நிலக்கரி தேடும் கண் டெல்டாவின் மேலும் விழுந்தது. வடசேரி முதலிய பகுதிகள் ஏலப் பட்டியலில் இடம் பெற்று, மக்கள் எதிர்த்த பின்னர் 2023 ஏப்ரலில் நீக்கப்பட்டன. அதற்கு முன்பே 2020-இல் காவிரிப் படுகை பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டம் செய்திருந்தார்கள். சட்டம் வயலைக் காக்கிறது. நம் தேவையோ வளர்ந்துகொண்டே போகிறது. ஒரு மெகாவாட் சூரிய மின்நிலையத்தைத் தரையில் அமைக்க நான்கைந்து ஏக்கர் நிலம் வேண்டும். ஆயிரம் வீடுகள் தலைக்கு ஒரு கிலோவாட் கூரையில் அமைத்தால் அதே ஒரு மெகாவாட் கிடைக்கும். ஒரு குழி நஞ்சையும் போகாது. வயல் நெல்லுக்கு இருக்கட்டும். கூரை மின்சாரத்துக்கு ஆகட்டும்.

அறிவு கல்லூரி மதிலுக்குள் தேங்கிக் கிடக்கும் வரை அது அணைநீர். மதகு திறந்து, கிளை வாய்க்கால்களில் இறங்கி, கடைமடை வீட்டை அடைந்தால்தான் அது பாசனம். மதகு பல்கலைக் கழகங்களின் கையில் இருக்கிறது. வாய்க்காலைத் தூர் வாரி வைப்பது ஊராராகிய நம் கடமை. ஊராட்சித் தலைவர்களும் பள்ளித் தலைமையாசிரியர்களும் அருகிலுள்ள கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதி, ‘எங்கள் ஊருக்கு வந்து அளந்து தாருங்கள்’ என்று கேட்கட்டும். கேட்காத வயலுக்கு முறைத் தண்ணீர் வந்ததில்லை என்பது நாம் அறிந்ததே.