பள்ளியின் மீது பற்று வளர்வது ஆசிரியரின் நடத்தையால்

(பொன்விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் - ஆசிரியர் சந்திப்பில் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

சங்கத்தின் பொன்விழா நேரத்தில் கல்வியைப் பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். கல்வி என்றவுடன் மதிப்பெண், உபகாரச் சம்பளம், பல்கலைக்கழகம் என்று பேச்சு போய்விடுவது வழக்கம். அதற்கெல்லாம் முந்திய ஒன்று இருக்கிறது. காலையில் பையைத் தூக்கும்போது பிள்ளைக்குப் பள்ளிக்குப் போக மனம் வர வேண்டும். அந்த மனத்தை உண்டாக்குவதும் கெடுப்பதும் பெரும்பாலும் ஆசிரியரின் நடத்தைதான். இதைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

சிங்கப்பூரில் நம் சமுதாயமே நடத்திய பள்ளி ஒன்றை நினைத்துப் பாருங்கள். 1946ல் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கியது உமறுப் புலவர் தமிழ்ப்பள்ளி. பின்னர் அது தமிழ் வழியில் உயர்நிலைக் கல்வியும் தந்தது. மாணவர் எண்ணிக்கை குறைந்து 1982ல் மூடப்பட்டது. அங்கே படித்தவர்கள் பலர் இன்று பேரப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டார்கள். அவர்களோடு பேசிப் பார்த்திருக்கிறேன். கட்டடத்தையோ பாடநூலையோ பற்றி அவர்கள் அதிகம் சொல்வதில்லை. எந்த ஆசிரியர் வீட்டு நிலையை விசாரித்தார், யார் பசியறிந்து காசு கொடுத்தார், யார் பிள்ளைகளிடையே வித்தியாசம் பார்க்கவில்லை என்றுதான் சொல்கிறார்கள். பள்ளி மூடி 40 ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் பற்று அப்படியே இருக்கிறது.

இப்போது நம் வார இறுதி வகுப்புகளுக்கு வருவோம். தொடக்கப்பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பச் சட்டம் இருக்கிறது; கட்டாயக் கல்விச் சட்டம் 2003 முதல் நடப்பில் உள்ளது. நமது குர்ஆன் வகுப்புக்கும் தமிழ்த் துணைப்பாட வகுப்புக்கும் அப்படி ஒரு சட்டம் இல்லை. தொடக்கநிலை 1, 2ல் வாப்பா கையைப் பிடித்து அழைத்து வருவார். தொடக்கநிலை 6 முடிந்து உயர்நிலைக்குப் போனதும் பிள்ளை தானாகவே முடிவு செய்கிறது. நம் வகுப்பு எப்படி இருக்கிறது என்பதை அந்த முடிவு காட்டிவிடும். அதுவரை விடாமல் வந்த பிள்ளை அதன்பின் வருவதில்லை என்றால், ஏதோ ஒரு நாளில், ஏதோ ஒரு சொல்லால் அதன் மனம் விலகியிருக்கலாம்.

எது விலக்குகிறது? பெரிய கொடுமைகளைச் சொல்லவில்லை. பிள்ளை ழகரத்தைத் தவறாகச் சொன்னால் வகுப்பே சிரிக்கும்படி திருப்பிச் சொல்லிக் காட்டுவது. "உன் அக்கா எப்படிப் படித்தாள், நீ ஏன் இப்படி?" என்று கேட்பது. குறைந்த மதிப்பெண்ணைச் சத்தமாக வாசிப்பது. நன்றாக ஓதும் இரண்டு பிள்ளைகளிடம் மட்டும் முகம் கொடுத்துப் பேசுவது. இவை ஆசிரியருக்கு மறந்துவிடும். பிள்ளைக்கு மறப்பதில்லை.

இதனால் வரும் இழப்பு சிறியதல்ல. ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020ல் 2.5 விழுக்காடு. பல பிள்ளைகளுக்கு, பாட்டியை விட்டால் தமிழில் பேசக் கிடைக்கும் ஒரே பெரியவர் தமிழாசிரியர்தான். அவரும் சிரித்துவிட்டால் அந்தப் பிள்ளை தமிழில் வாய் திறக்காது.

உயர்நிலைப் பள்ளிகளில் விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகள் 2024ல் உயர்நிலை 1ல் சேர்ந்தவர்களிலிருந்து எடுக்கப்பட்டன. நல்ல மாற்றம். ஆனால் "இவன் இவ்வளவுதான்" என்று ஆசிரியர் மனத்தில் ஒரு பிரிவு வைத்திருந்தால், அதைக் கல்வி அமைச்சு வந்து எடுக்க முடியாது.

நமக்கு இதில் வழிகாட்டுதல் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. ஸஹீஹ் முஸ்லிமில் முஆவியா பின் ஹகம் (ரலி) அவர்களின் அறிவிப்பு ஒன்று உண்டு. அவர் புதிதாக இஸ்லாத்திற்கு வந்தவர். ஜமாஅத் தொழுகையில் ஒருவர் தும்ம, இவர் தொழுகைக்குள்ளேயே அவருக்குப் பதில் துஆச் சொல்லிவிட்டார். சுற்றியிருந்தவர்கள் முறைத்தார்கள், தொடையைத் தட்டி அடக்கினார்கள். தொழுகை முடிந்ததும் நபி (ஸல்) அவர்கள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, அடிக்கவில்லை, ஏசவில்லை. தொழுகையில் மனிதப் பேச்சு கூடாது, அது தஸ்பீஹும் தக்பீரும் குர்ஆன் ஓதுதலும்தான் என்று விளக்கினார்கள். அவர்களை விடச் சிறந்த ஆசிரியரை முன்னும் பின்னும் தாம் கண்டதில்லை என்கிறார் முஆவியா (ரலி).

அந்த ஹதீஸ் அதோடு முடியவில்லை. அவர் உடனே கேள்வி கேட்கத் தொடங்குகிறார். குறிகாரர்களிடம் போவது, சகுனம் பார்ப்பது என்று தம் மக்களின் பழக்கங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்கிறார். சபையில் தவறு செய்த மனிதர் அடுத்த நிமிடமே இத்தனை கேள்வி கேட்கிறார் என்றால், அவருக்குப் பயம் இல்லை, அவமானம் இல்லை. நமது வகுப்பில் பிள்ளைகள் கேள்வி கேட்கிறார்களா என்பதை வைத்தே நம் நடத்தையை அளந்துகொள்ளலாம்.

1377ல் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன், மாணவர்களிடம் கடுமை காட்டுவதன் தீங்குக்கென்றே அதில் ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கிறார். கடுமையில் வளரும் பிள்ளை உற்சாகம் இழந்து சோம்பலாகிவிடும். தண்டனைக்குப் பயந்து பொய்யும் பாசாங்கும் பழகும். பிறகு அதுவே குணமாகிவிடும் என்பது அவர் கருத்து. அதே இடத்தில், கலீஃபா ஹாரூன் ரஷீத் தம் மகனின் ஆசிரியருக்குச் சொன்ன அறிவுரையையும் எடுத்துக்காட்டுகிறார். பிள்ளையின் மனத்தை வாட்டிவிடவும் கூடாது. அவன் சும்மா இருப்பதில் சுகம் காணும் அளவுக்கு விட்டுவிடவும் கூடாது என்பது அதன் சாரம். ஆக, அன்பு என்பது கண்டிப்பே இல்லாமல் இருப்பதல்ல. வீட்டுப்பாடம் கேட்கலாம், நேரத்துக்கு வரச் சொல்லலாம். பிள்ளையைச் சிறுமைப்படுத்தாமல் கேட்க வேண்டும், அவ்வளவே.

"எங்களை அடித்துத்தானே வளர்த்தார்கள், நாங்கள் நன்றாக இல்லையா?" என்று சிலர் கேட்பதுண்டு. "கண் இரண்டை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் ஹஸ்ரத்" என்று சொல்லிப் பிள்ளையை ஒப்படைத்த காலம் அது. அந்த ஹஸ்ரத்மார்களின் உழைப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் அடியைத் தாங்கி நின்றவர்கள்தான் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறோம். அடிக்குப் பயந்து ஓதுவதை நிறுத்தியவர்கள் இங்கே வந்து பதில் சொல்ல முடியாது. அவர்களையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஆசிரியர்களிடம் நான்கு வேண்டுகோள். ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சரியாக உச்சரித்துக் கூப்பிடுங்கள். தவறைத் திருத்துவதென்றால் தனியாக அழைத்துத் திருத்துங்கள். சொன்ன வாக்கைக் காப்பாற்றுங்கள். அடுத்த வாரம் கதை சொல்கிறேன் என்றால் சொல்லிவிடுங்கள். இரண்டு வாரம் வராத பிள்ளையின் வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போகட்டும். "ஏன் வரவில்லை?" என்பதை விட, "உன்னைக் காணோமே, நலமா?" என்று கேளுங்கள்.

பெற்றோர்களே, ஆசிரியர் மீது குறை இருந்தால் அவரிடம் நேரில் பேசுங்கள். பிள்ளையை வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் அவரை எளிதாகப் பேசாதீர்கள். வாரம் முழுவதும் வேலை பார்த்துவிட்டுச் சனிக்கிழமை வந்து சொல்லிக்கொடுப்பவர்கள் அவர்கள்.

சங்கத்துக்கும் ஒரு கோரிக்கை. ஆண்டறிக்கையில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று எழுதுகிறோம். இனி, எத்தனை பேர் நின்றுவிட்டார்கள், அவர்களுடைய வீட்டுக்கு யார் போய் விசாரித்தார்கள் என்பதையும் எழுதுவோம். ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறையாவது பயிற்சிக்கு ஏற்பாடு செய்வோம்.

நம் பிள்ளைகள் விரும்பி வந்து அமரும் வகுப்புகளாக நம் வகுப்புகளை அல்லாஹ் ஆக்கித் தருவானாக. அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் அனைவருக்கும் ஈருலகிலும் நற்கூலி வழங்குவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.