அயல்நாட்டில் நிலைத்து வாழும் உரிமை
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

விழாக்குழுவினர் எனக்களித்த தலைப்பு 'கல்வியும் வேலைவாய்ப்பும்' என்பதாகும். இத்தலைப்பில் நான் பலமுறை பேசியிருக்கின்றேன்; பொறுமையுடன் கேட்டவர்களும் நீங்களே. ஆகவே இன்று அதன் ஒரு கிளையை மட்டும் எடுத்துக்கொள்ள அனுமதி வேண்டுகின்றேன். அண்மைக் காலமாக என்னிடம் பயின்ற இளைஞர்கள் விடுமுறை நாட்களில் வீடு தேடி வந்து கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, கனடாவுக்குப் போய் அங்கேயே தங்கிவிட வழியிருக்கிறதா?" என்பதே அது. இக்கேள்விக்கு விடை கூறும் பொருட்டு, ஓய்வுபெறும் வயதை நெருங்கும் நான், அந்நாட்டு அரசின் விதிகளை அகராதியும் கையுமாக அமர்ந்து படிக்க நேர்ந்தது.

கடல் கடப்பது நம்மவர்க்குப் புதிதன்று. கங்காணியின் சொல்லை நம்பி இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கும் சென்றவர்களுள் பெரும் பகுதியினர் ஒடுக்கப்பட்ட மக்களே. அவர்கள் காட்டை அழித்து மலையைத் தோட்டமாக்கினார்கள். 1948-ஆம் ஆண்டில் இலங்கை குடியுரிமைச் சட்டம் வந்தபோது, தலைமுறை தலைமுறையாக அங்கு உழைத்தவர்கள் எந்த நாட்டையும் சேராதவர்களாயினர். 1964-இல் ஏற்பட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரின் கதி பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடப்பட்டது. உழைப்புக்கு அங்கே இடம் இருந்தது, உழைத்தவனுக்கு இல்லை. இன்று வளைகுடா நாடுகளில் உழைக்கும் நம் பிள்ளைகளுள் பெரும்பாலோரின் நிலையும் ஏறத்தாழ அதுவே. வேலை முடிந்தால் விசாவும் முடிந்தது.

நிரந்தரக் குடியிருப்பு உரிமை என்பது இதனின்று வேறானது. கனடாவில் அதனைப் பெற்றவர் எந்த முதலாளியிடமும் வேலை செய்யலாம். எந்த மாகாணத்திலும் வாழலாம். வேலை போய்விட்டது என்பதற்காக வெளியேற வேண்டுவதில்லை. வாக்குரிமை கிடையாது. ஐந்தாண்டுகளில் 730 நாட்களாவது அந்நாட்டில் இருத்தல் வேண்டும். ஐந்தாண்டுக்குள் 1,095 நாட்கள் அங்கு வாழ்ந்தவர் குடியுரிமைக்கே விண்ணப்பிக்கலாம். ஆனால் இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதை நினைவில் கொள்க.

அந்நாடும் தொடக்கத்தில் கதவைத் திறந்து வைத்திருக்கவில்லை. 1914-இல் 'கோமகாட்டா மாரு' என்னும் கப்பலில் வான்கூவர் துறைமுகம் சென்ற இந்தியர் 376 பேருள் மிகச் சிலரைத் தவிர ஏனையோரைக் கரையிறங்கவிடாது இரண்டு மாதம் கடலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிய நாடு அது. 1962-இல்தான் இனப் பாகுபாடு குடியேற்ற விதிகளினின்று பெரும்பாலும் நீக்கப்பட்டது. 1967-இல் புள்ளி முறை வந்தது. இன்னார் மகன் யார் என்று கேளாமல், என்ன படித்தாய், என்ன தொழில் தெரியும், என்ன மொழி பேசுவாய், என்ன வயது என்று கேட்டு மதிப்பெண் இடும் முறை அது. சாதிச் சான்றிதழை எடுத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய எனக்கு, அக்கேள்விகளை முதன்முதலாகப் படித்தபோது உள்ளம் சற்று நிமிர்ந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

2015 முதல் இம்முறை 'எக்ஸ்பிரஸ் என்ட்ரி' என்ற பெயரில் நடைபெறுகின்றது. வெளிநாட்டில் இருந்தபடி விண்ணப்பிக்கும் தொழில்திறனாளர் முதலில் நூற்றுக்கு 67 புள்ளி பெறுதல் வேண்டும். பின்னர் 1,200 புள்ளி கொண்ட மற்றொரு தரவரிசையில் வைக்கப்படுவர். அவர்களுள் மேல்வரிசையில் நிற்போரை அரசு அவ்வப்போது அழைக்கும். மணமாகாத, இருபத்தேழு வயதுடைய, மூன்றாண்டு வேலை அனுபவம் பெற்ற பட்டதாரி ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஐ.ஈ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் நான்கு பிரிவிலும் 6 வாங்கினால் அவருக்கு மொத்தம் 336 புள்ளி. கேட்டலில் 8-உம் மற்றவற்றில் 7-உம் வாங்கினால் 429. அதே ஆள், அதே பட்டம், அதே வேலை. ஆங்கிலம் ஒன்றினால் 93 புள்ளி வேறுபாடு! தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் இதைக் கேட்டு அஞ்ச வேண்டா. அது இலக்கியத் தேர்வன்று. ஓராண்டு ஒழுங்காகப் பழகினால் கைவரக் கூடியதே. ஆயினும் 429 மட்டும் போதும் என்றும் நான் சொல்ல மாட்டேன். அண்மை ஆண்டுகளில் பல அழைப்புகளுக்கு 500-க்கும் மேல் தேவைப்பட்டிருக்கின்றது. ஒரு மாகாணம் தனக்கு வேண்டியவர் என்று பெயர் குறித்தால் 600 புள்ளி சேரும். 2023 முதல் மருத்துவப் பணி, கைத்தொழில், பிரெஞ்சு மொழி ஆகியவற்றுக்குத் தனி அழைப்புகளும் உண்டு. வேலை வாக்குறுதிக் கடிதத்துக்கு முன்னர்ப் புள்ளி இருந்தது. 2025 மார்ச்சில் அது நீக்கப்பட்டுவிட்டது. இன்றும் அக்கடிதத்தைக் காட்டி "ஐம்பது புள்ளி நிச்சயம்" என்று பணம் கேட்கும் தரகனை நம்பாதீர்.

வயதைப் பற்றி ஒரு சொல். இருபது முதல் இருபத்தொன்பது வரை 110 புள்ளி, முப்பத்தைந்தில் 77, நாற்பதில் 50, நாற்பத்தைந்தில் ஒன்றுமில்லை. எங்கள் காலத்தில் பிள்ளையின் பிறந்த தேதி பெற்றோர்க்குத் தெரியாது. ஆசிரியரே மே அல்லது ஜூன் மாதத்தில் ஒரு தேதியை எழுதிச் சேர்த்துக்கொள்வார். என் பிறந்த நாளும் அவ்வாறு எழுதப்பட்டதே. நானும் இளம் ஆசிரியனாக இருந்த நாளில் சிலருக்கு அவ்வாறு எழுதியிருக்கின்றேன். ஓராண்டைக் கூட்டி எழுதிய என் பேனா ஒருவனுடைய புள்ளியைக் குறைத்திருக்குமோ என்று இப்போது எண்ணுகின்றேன். பெயரும் அவ்வாறே. மதிப்பெண் சான்றிதழில் ஓர் எழுத்து, கடவுச்சீட்டில் வேறோர் எழுத்து, இனிஷியல் ஓரிடத்தில் முன்னும் ஓரிடத்தில் பின்னும். பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் சரிபார்ப்புக்கு வரும்போது பெற்றோர் அவசியம் பள்ளிக்கு வருதல் வேண்டும்.

இனி, நான் பேச வந்ததன் உயிர்நிலைக்கு வருகின்றேன். என் மாணவன் ஒருவன் இயந்திரவியலில் பட்டயம் பெற்றவன். ஒரு தொழில் நகரத்தின் சிறு பட்டறையில் எட்டாண்டுகள் வேலை செய்தான். கடைசி நான்காண்டுகள் அவனே மேற்பார்வையாளன். வரைபடத்தைக் கண்டால் இரும்பு அவன் சொன்னபடி கேட்கும். ஆனால் கூலி கையில், ரசீது இல்லை, வருங்கால வைப்பு நிதி இல்லை. கனடா கேட்பதோ நிறுவனத்தின் முகப்புத்தாளில் கையொப்பமிட்ட கடிதம். பதவியின் பெயர், செய்த வேலைகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஊதியம், சேர்ந்த நாள், விலகிய நாள் அனைத்தும் அதில் இருத்தல் வேண்டும். உரிமையாளர் மறுத்துவிட்டார். கணக்கில் இல்லாத ஆளுக்குக் கடிதம் கொடுத்தால் தமக்குத் தொல்லை வரும் என்பது அவர் அச்சம். அப்போது ஒரு தரகர், இவன் வாசலைக்கூட மிதித்தறியாத ஒரு நிறுவனத்தின் பெயரால் கடிதம் தயாரித்துக் கொடுத்தார். விசாரணையில் அது பொய்யென வெளிப்பட்டது. பொய்த் தகவல் தந்தமைக்காக ஐந்தாண்டுத் தடை விதிக்கப்பட்டது. அப்போது அவனுக்கு வயது முப்பத்து மூன்று. தடை நீங்கும்போது முப்பத்தெட்டு. வயதுக்குரிய புள்ளியிலேயே 27 போயிருக்கும்.

எட்டாண்டு உண்மை உழைப்புக்குத் தாளில்லை. ஒரு நாளும் செய்யாத வேலைக்குத் தாள் இருந்தது. அவன் என் முன் அமர்ந்து அழவில்லை. "நான் செய்த வேலையைத்தானே ஐயா எழுதச் சொன்னேன்" என்றான். நான் அவனுக்கு இயற்பியல் கற்பித்தேன். ஊதியத்தை வங்கி வழியே கேட்டு வாங்கு என்று கற்பிக்கவில்லை. ஆகவே இளைஞர்களே, சிறு பட்டறையாயினும் முதல் மாதத்திலேயே ஊதியம் வங்கிக்கு வரட்டும். வைப்பு நிதி எண்ணைக் கேளுங்கள். நல்லுறவில் இருக்கும்போதே ஆண்டுதோறும் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். கடிதம் மறுக்கப்பட்டால் வங்கிக் கணக்கு, வரிக் கணக்கு ஆகியவற்றைக் காரண விளக்கத்துடன் இணைக்கலாம். ஏற்பதும் மறுப்பதும் அதிகாரியின் முடிவு. ஆயினும் அது மெய்யான வழி.

இன்னொரு வாயிற்படியும் உண்டு. வெளியிலிருந்து செல்லும் தொழில்திறனாளர் தம் குடும்பம் அங்கு காலூன்றப் போதிய பணம் காட்டுதல் வேண்டும். தனி ஒருவருக்கே சுமார் 15,000 கனடா டாலர். நம் பணத்தில் ஒன்பது இலட்சத்துக்கு மேல். கடன் வாங்கிக் காட்டக் கூடாது என்பது விதி. அப்பன் நிலம் விற்றுக் கொடுக்கும் பிள்ளைக்கு இது பெரிதன்று. நம்மில் எத்தனை பேருக்கு விற்க நிலம் இருக்கின்றது? புள்ளி முறை சாதி கேட்பதில்லை என்று மகிழ்ந்தேன் அல்லவா? சேமிப்பு எவ்வளவு என்று கேட்குமிடத்தில், கேளாமலே கேட்டுவிடுகின்றது. எனவே முதற் சம்பளத்திலிருந்தே ஒரு பகுதியைத் தனியே ஒதுக்குவது தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

செவிலியர், ஆசிரியர், மின்பணியாளர் போன்றோர் அங்குச் சென்றபின் மாகாண உரிமமும் பெறுதல் வேண்டும்; குடியிருப்பு உரிமை வேறு, தொழில் உரிமம் வேறு. சாதி அங்கு இராது என்றும் எண்ண வேண்டா. டொராண்டோ பள்ளிக் கல்வி வாரியமே 2023-இல் சாதி ஒடுக்குமுறை தன் பள்ளிகளில் உண்டென ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. ஏற்றுக்கொண்டார்கள் என்பதுதான் செய்தி.

சங்கச் செயலாளரிடம் கேட்டு, வரும் ஞாயிற்றுக்கிழமை முதல் காலை பத்து மணிக்கு நூலக அறையைப் பெற்றிருக்கின்றேன். மதிப்பெண் சான்றிதழ், கடவுச்சீட்டு, வேலைக் கடிதம் எது இருந்தாலும் எடுத்து வாருங்கள். எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்ப்போம். நான் சொன்ன அந்த மாணவனும் என்னருகில் அமர்ந்து பார்ப்பான். அவன் கதையை இங்குக் கூறியது அவன் இசைவு பெற்றே.