வீட்டுக்கேற்ற கதைநூல்



1948ஆம் ஆண்டின் பொதுநூலகச் சட்டத்தால் வந்தது நூலகவரி. வீட்டுவரியோடு அதனைச் செலுத்தியும் நூலகப்படி ஏறாதிருத்தல், விதைத்தவன் அறுக்காது விடுதலை ஒக்கும்.

படிப்பார் ஒவ்வொருவர்க்கும் உரிய நூல் வேண்டும் என்பது, சீர்காழி தந்த அரங்கநாதனார் 1931இல் வெளியிட்ட ஐந்நெறிகளுள் ஒன்று. எனவே, சிறுவர்க்கு அழ. வள்ளியப்பாவின் 'நீலா மாலா'வை எடுத்துத் தருக. இளையோர்க்கு, 1961இல் சாகித்திய அகாதமிப் பரிசு பெற்ற மு.வ.வின் 'அகல் விளக்கு' ஏற்றது. முதியோர்க்கு மறைமலையடிகளின் 'கோகிலாம்பாள் கடிதங்கள்' உண்டு.

பிறநூல்களில் ஐயம் எழுந்தால், ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படித்துப் பார்க்க. பாட்டியும் பெயர்த்தியும் ஒருங்கே செவிசாய்ப்பின் அதுவே வீட்டுக்கேற்ற நூல்.

எடுப்பாரற்ற நூல் மறுபதிப்புக் காணாது. படிப்பாரற்ற மொழி தலைமுறை காணாது. நூலகம் புகுக! நற்றமிழ் வாழ்க!