கார் பற்றறி: மாத்துறதுக்கு முதல் சோதியுங்கோ

(புவாண்ட்-கிளேரில் புதிதாக வந்தவர்களுக்காக நடந்த தகவல் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

வேலை அனுமதி, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வழக்கறிஞர் என்று வழமையாகக் கதைக்கிற இடத்தில் இன்றைக்குக் கார் பற்றறியைப் பற்றிக் கதைக்கப் போகிறேன். சிரிக்காதேயுங்கோ. ஹைமஸ் வீதிப் பக்கம் இரவு வேலைக்குப் போகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஏஜென்சி மூலம் வேலை செய்கிறவர் இரண்டு நாள் பிந்தினால், மூன்றாம் நாள் கூப்பிடாமல் விட்டுவிடுவார்கள். அதோடு ஒரு புதுப் பற்றறி பொதுவாக 150 டொலரில் இருந்து 300 டொலர் வரை போகும். வந்த புதிதில் அது பெரிய காசு.

அதனால் நான் சொல்ல வருவது ஒன்றுதான். கார் ஸ்ராட் வரவில்லை என்றவுடன் பற்றறி வாங்க ஓடாதேயுங்கோ. பழுது எங்கே என்று முதலில் பாருங்கோ.

குளிரில் என்ன நடக்கிறது? பற்றறிக்குள் ஈயத் தகடும் கந்தக அமிலமும் இருக்கின்றன. குளிரில் அந்த இரசாயனத் தாக்கம் மெதுவாகிவிடும். மைனஸ் 18 பாகையில் நல்ல பற்றறிகூட ஏறக்குறைய பாதி வலுவைத்தான் தரும். அதே நேரம் எஞ்சின் ஒயில் தடித்துப்போவதால், எஞ்சினைச் சுத்துறதுக்கு வழமையைவிடக் கூடிய வலு வேணும். பக்கத்து டோர்வல் விமான நிலையத்தில் 1957 ஜனவரி 15 அன்று மைனஸ் 37.8 பாகை பதிவாகியிருக்கிறது. கோடையில் தெரியாத பலவீனம் இங்கே ஜனவரியில் வெளியே வந்துவிடும்.

இனிச் சோதனை. முதலில் பற்றறியின் இரண்டு முனைகளையும் பாருங்கோ. வெள்ளை அல்லது பச்சைத் தூள் படிந்திருக்கிறதா? வயர் கையால் ஆட்டினால் ஆடுகிறதா? ஆடினால் இறுக்குங்கோ. தூள் இருந்தால் அப்பச் சோடாவைத் தண்ணீரில் கரைத்துத் தேய்த்துக் கழுவுங்கோ. வயரைக் கழற்றும்போது கறுப்பை முதலில், பூட்டும்போது சிவப்பை முதலில். பல பேருக்கு இதோடேயே பிரச்சினை தீர்ந்திருக்கிறது.

அடுத்தது, ஒரு மலிவு மல்ரிமீற்றர் வாங்குங்கோ. நாலு வீட்டுக்கு ஒன்று போதும். இரவு முழுக்க நின்ற காரில், காலையில் ஸ்ராட் பண்ண முதல் அளவுங்கோ. 12.6 வோல்ட் என்றால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே என்றால் வெறுமையாகிக்கொண்டிருக்கிறது.

பிறகு எஞ்சினை ஓடவிட்டு அளவுங்கோ. 13.5-க்கும் 14.7-க்கும் இடையில் நிற்க வேணும். 12 வோல்ட்டிலேயே நின்றால் பழுது பெரும்பாலும் ஓல்ரனேற்றரில் அல்லது அதன் பெல்ற்றில். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் பற்றறி தடைப்பொருளாக இருந்தபோது, சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்டோமே, ஞாபகம் இருக்கா? காருக்கு அந்த டைனமோதான் ஓல்ரனேற்றர். அது வேலை செய்யாவிட்டால் எத்தனை புதுப் பற்றறி போட்டாலும் செத்துப்போகும்.

ஓடும்போது சரி, ஆனால் ஒவ்வொரு காலையும் இறங்கிக் கிடக்கிறது என்றால், ஒன்றில் பற்றறி பழசு, இல்லையென்றால் கார் நிற்கும்போது ஏதோ ஒன்று மின்சாரத்தை இழுக்கிறது. என்னிடம் வந்த ஒரு தம்பி ஒரே குளிர்காலத்தில் இரண்டு பற்றறி வாங்கிவிட்டார். கடைசியில் பார்த்தால், முந்தின சொந்தக்காரர் பூட்டின றிமோட் ஸ்ராட்டர்தான் இழுத்திருக்கிறது. இங்கே பழைய கார்களில் அது நிறைய இருக்கும்.

அதைக் கண்டுபிடிக்க, மீற்றரை 10 அம்பியர் துவாரத்துக்கு மாத்தி, கறுப்பு வயரைக் கழற்றி, வயருக்கும் பற்றறி முனைக்கும் நடுவில் மீற்றரைக் கொடுங்கோ. கதவுகளைப் பூட்டி முக்கால் மணித்தியாலம் பொறுங்கோ. காரின் கணினிகள் தூங்க அவ்வளவு நேரம் வேணும். 50 மில்லி அம்பியருக்குக் கீழே என்றால் பிழையில்லை. 500 காட்டினால் கணக்குப் பாருங்கோ: ஒரு நாளைக்கு 12 அம்பியர்-மணி. 50 அம்பியர்-மணிப் பற்றறி நாலு நாளில் காலி. பிறகு பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கோ. எதைக் கழற்ற எண் விழுகிறதோ, அந்த வழியில்தான் பழுது. டிக்கி லைற், போன் சார்ஜர், கமரா எல்லாம் பாருங்கோ. மீற்றர் நடுவில் இருக்கும்போது ஸ்ராட் பண்ணவே கூடாது.

பற்றறிதான் போய்விட்டது என்றால், வாங்கும்போது நாலு விஷயம். ஒன்று, அளவு: பழைய பற்றறியில் 35, 51ஆர் என்று ஓர் அளவு எண் இருக்கும், அதே எண் வேணும். இரண்டு, சி.சி.ஏ. எண்: மைனஸ் 18 பாகையில் 30 விநாடிக்குத் தரக்கூடிய அம்பியர் அது. கார்க் கையேடு சொல்வதற்குக் குறையக் கூடாது. மூன்று, செய்த திகதி: பல பற்றறிகளில் எழுத்து மாதத்தையும் எண் வருடத்தையும் காட்டும். சி5 என்றால் 2025 மார்ச். புதிதாகப் பார்த்து எடுங்கோ. நாலு, சிக்னலில் தானாக நின்று ஸ்ராட் ஆகிற காரில் ஏ.ஜி.எம். பற்றறி இருந்தால், திரும்பவும் ஏ.ஜி.எம்.தான் போட வேணும். பழையதைக் கடையில் கொடுங்கோ, கட்டின வைப்புக் காசு திரும்ப வரும்.

வெறுமையான பற்றறி மைனஸ் 10 அளவிலேயே உறைந்துவிடலாம். வீங்கியோ உறைந்தோ இருந்தால் பூஸ்ட் கொடுக்காதேயுங்கோ, வெடிக்கும்.

கடைசியாகக் கராஜ். ஓல்ரனேற்றர் மாத்துறது, வயர் திருத்துறது போன்ற 100 டொலருக்கு மேற்பட்ட வேலைக்கு, தொடங்க முதல் எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும் என்று கியூபெக்கின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அது வேண்டாம் என்று உங்கள் கையால் எழுதிக் கையொப்பம் வைக்கச் சொன்னால் வைக்காதேயுங்கோ. செய்த திருத்தத்துக்கு 3 மாதம் அல்லது 5,000 கிலோமீற்றர் உத்தரவாதம் உண்டு. அகதிக் கோரிக்கையாளர் என்பதால் இந்த உரிமை குறையாது. கணக்குக் கேட்டால் உங்கள் வழக்குக்கு ஒரு பாதிப்பும் வராது. பயந்து காசைக் கட்டிவிட்டு வராதேயுங்கோ.

பிரெஞ்சில் எழுதின மதிப்பீடு விளங்காவிட்டால் எங்களிடம் கொண்டு வாருங்கோ, சேர்ந்து வாசிப்போம். இனி உங்கள் கேள்விகளைக் கேளுங்கோ.