முள் நடுவில் நின்றால் ஆயில் சூடாகிவிட்டதா?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். காரணம் உங்களுக்கே தெரியும். ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு ஈ.சி.ஆர். கிளம்பும் நம் இளைஞர்கள், இன்ஜினைச் சூடாக்குகிறோம் என்று பேஸ்மென்ட்டில் பத்து நிமிடம் ஓடவிட்டு, நடுவில் ஆக்ஸிலரேட்டரையும் மிதித்துப் பார்க்கிறார்கள். முதல் மாடிக்காரர்களின் புகார் சத்தத்தைப் பற்றியது. தம்பிகளே, நான் சொல்ல வந்தது வேறு. அதனால் உங்கள் இன்ஜினுக்கே கெடுதல்.

டேஷ்போர்டில் நீங்கள் பார்க்கும் முள் கூலன்ட்டின் சூட்டைக் காட்டுகிறது. ஆயிலின் சூட்டை அல்ல. கூலன்ட் ஐந்து நிமிடத்தில் சூடாகிவிடும். ஆயிலுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு நேரமாவது வேண்டும். பல கார்களில் அந்த முள்ளும் ஒரு சமாதானத்துக்குத்தான். 75 டிகிரியானாலும் 100 டிகிரியானாலும் நடுவிலேயே நிற்கும்படி வைத்திருப்பார்கள்.

"நம் ஊரில் ஏது குளிர்?" என்று கேட்கிறீர்கள். 5டபிள்யூ-30 என்று டப்பாவில் போட்டிருக்கிறதே, அந்த 30 என்பது 100 டிகிரியில் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதன் அளவு. சென்னையின் விடியற்காலை 28 டிகிரியில் அதே ஆயில் ஏறக்குறைய பத்து மடங்கு கெட்டி. அந்த நிலையில் 5000 ஆர்.பி.எம். ஏற்றினால், பேரிங்குகளுக்கும் டர்போவுக்கும் ஆயில் போய்ச் சேரவேண்டிய அளவில் சேராது. பி.எம்.டபிள்யூ. இதற்கென்றே 2000-த்தில் வந்த எம்3 காரின் டாக்கோமீட்டரில் ஆரஞ்சு விளக்குகளை வைத்தது. ஆயில் சூடாகச் சூடாக அவை ஒவ்வொன்றாக அணையும். எதுவரை மிதிக்கலாம் என்று ஓட்டுபவருக்குத் தெரிந்துவிடும்.

நின்ற இடத்தில் ஓடவிட்டால் இன்ஜினுக்குச் சுமை இல்லை, ஆகவே ஆயில் மெதுவாகத்தான் சூடாகும். அதற்குள், குளிர்ந்த இன்ஜினுக்குக் கூடுதலாக ஊற்றப்படும் பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஆயிலில் கலக்கும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் சூடாகாமல் வேலை செய்யாது. வெளியே வரும் கார்பன் மோனாக்சைடு பேஸ்மென்ட்டிலேயே தங்கும். இரவெல்லாம் அங்கே உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேனை நினைத்துப் பாருங்கள்.

ஸ்டார்ட் செய்து அரை நிமிடம் போதும். கிளம்பிவிடுங்கள். முதல் பத்து, பதினைந்து நிமிடம் 3000-க்குள் ஓட்டுங்கள். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்கள் சிலவற்றில் ஆயில் டெம்பரேச்சர் தனியாகவே தெரியும். 80 தாண்டட்டும், பிறகு உங்கள் இஷ்டம்.

இனி எதிர்ப்பக்கம். இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குப் போகிறவர்கள் நம்மில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். வெயிலில் நான்கைந்து சுற்று விரட்டினால் ஆயில் 130 டிகிரியைத் தொடுவது சகஜம். சாலையில் 90 முதல் 110 வரை இருக்கவேண்டியது. 130-க்கு மேல் ஆயில் நீர்த்துப்போய், பேரிங்கில் உலோகத்தோடு உலோகம் உரசாமல் காக்கும் படலம் மெலிகிறது. அந்த எண்ணைப் பார்த்ததும் மிதிப்பதைக் குறையுங்கள். மேல் கியரில் ஒரு சுற்று மெதுவாக வந்து, பிறகு பிட்டுக்குள் நுழையுங்கள். நேராக வந்து நிறுத்தி அணைத்தால் டர்போவில் தேங்கும் ஆயில் கருகிப் படியும். ஈ.சி.ஆர்.காரர்களுக்கு இந்தக் கவலை வேண்டாம். திருவான்மியூர் சிக்னல்களே உங்கள் காரை ஆறவைத்துவிடும்.

சூடு ஏறுகிறது என்று சிலர் வெளியில் ஆயில் கூலர் வாங்கி மாட்டுகிறார்கள். மாட்டுங்கள், ஆனால் தெர்மோஸ்டாட் உள்ளதாகப் பார்த்து மாட்டுங்கள். அது இல்லாவிட்டால் அன்றாட ஓட்டத்தில் ஆயில் 70 டிகிரியையே தாண்டாது. ஆயிலில் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகிப் போக நல்ல சூடு வேண்டும். போகாவிட்டால் ஃபில்லர் மூடிக்கு அடியில் மோர் போல வெள்ளையாகப் படியும். 1998 வரை வந்த, காற்றால் குளிரும் போர்ஷே 911-இல் கூலன்ட்டே கிடையாது. பெருமளவு வெப்பத்தை ஆயில்தான் சுமந்தது. அதிலேயே ஆயில் சூடான பிறகுதான் முன்பக்கக் கூலருக்குப் போக தெர்மோஸ்டாட் வழிவிடும்.

தினமும் இரண்டு கிலோமீட்டர் பள்ளிக்கூடம் போய்த் திரும்பும் சாதாரண கார்களுக்கும் இதே கதைதான். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள். கிலோமீட்டர் ஆகவில்லையே என்று பார்க்காமல் ஆண்டுக்கு ஒருமுறை ஆயில் மாற்றுங்கள்.

டீ வந்துவிட்டது. கேள்வி இருப்பவர்கள் குடித்துவிட்டுக் கீழே வாருங்கள், ஃபில்லர் மூடியைத் திறந்தே பார்த்துவிடலாம்.