எலும்பும் பல்லும் தரும் சான்று

(கல்விக் கழக வெள்ளிவிழாவில் நிகழ்த்திய உரை)



வெள்ளிவிழா மேடையில் கல்வியின் பெருமையைப் பேசுவது வழக்கம். நாங்களோ ஒரு பல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இது நகைப்பிற்குரியதாகத் தோன்றலாம். எனினும் அந்தப் பல் நம் தெருவில் எழுப்பிய வினா, இக்கழகம் எதற்காகத் தோன்றியதோ அதனைத் தொட்ட வினாவாகும்.

சென்ற கோடை விடுமுறையில் நம் இரவுப் பாடசாலை மாணவர் நால்வர், குடகனாற்றங்கரையில் மழைநீர் அரித்த மேடொன்றின் ஓரத்தில், கரிய நிறமுள்ள பெரிய பல் ஒன்றையும் உடைந்த தாடை எலும்புத் துண்டு ஒன்றையும் கண்டெடுத்தனர். 'பைசன்' என்னும் காட்டெருதின் புதைபடிவங்களைப் பற்றி அவர்கள் அப்போதுதான் படித்திருந்தார்கள். ஆகவே, பல்லாயிரம் ஆண்டுப் பழமையுள்ள பைசன் பல் திண்டுக்கல்லில் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்து ஓடிவந்தார்கள். கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரை நாங்கள் அழைத்து வந்தோம்.

ஆசிரியர் தம் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்ளும் முன்பே, அம்மாணவருள் ஒருவனுடைய பாட்டனார் அந்தப் பல்லை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். "இது கீழ்த்தாடையின் கடைசிப் பல், இடப்பக்கத்தது, கிழமாகிச் செத்த உருப்படி" என்றார். ஆசிரியர் வியந்து, "ஐயா, எதைக் கொண்டு சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். அருகில் நின்ற பேரன் தலைகுனிந்து, "தாத்தா, வேண்டாம்" என்று மெல்லச் சொன்னான்.

அவன் ஏன் தடுத்தான் என்பதை இந்த அவையில் விளக்க வேண்டியதில்லை. அப்பெரியவர் இளமையில் ஊர் மாடு செத்தால் இழுத்துச் சென்று உரித்தவர். பின்னர் நம் நகரின் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் ஆவாரம்பட்டைத் தொட்டியருகே உழைத்தவர். ஆசிரியர் கேட்ட கேள்விக்கு விடை சொல்வதென்றால் அந்த வாழ்க்கையைச் சொல்லியாக வேண்டும். பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு பேரனைப் பார்த்துக்கொண்டே சொல்லத் தொடங்கினார்.

மாட்டின் கீழ்த்தாடைக் கடைவாய்ப் பற்களில் கடைசிப் பல்லுக்கு மட்டும் மூன்று மடல்கள் உண்டு, மற்றவற்றிற்கு இரண்டே. அந்த மூன்றாம் சிறு மடல் தாடையின் பின்பக்கம் நோக்கி நிற்கும். மடல்களின் இடையே சிறு தூண் போன்ற ஒரு நீட்சி இருக்கும். கீழ்ப் பல்லில் அது கன்னத்தின் பக்கம் இருக்கும். முன்பின்னும் உள்வெளியும் தெரிந்தால், இடமா வலமா என்பது தானே விளங்கும். தேய்ந்து குட்டையான பல், வயது முதிர்ந்த மாட்டின் பல். இவ்வளவையும் அவர் தம் சொற்களிலேயே சொன்னார். இரண்டு பல் போட்ட காளை, நாலு பல், ஆறு பல், கடை சேர்ந்த மாடு என்று சந்தையில் வயது கணிக்கும் முறையையும் கூறினார். ஆசிரியர் ஒவ்வொன்றையும் ஒப்புக்கொண்டு, தம் நூல்களிலும் இதுவே எழுதப்பட்டிருக்கிறது என்றார்.

இளைஞர்களே, இனி அந்த அறிவியலைச் சிறிது விளக்குவோம். மாட்டினத்திற்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. கடைவாய்ப் பற்களின் மேற்பரப்பில் பற்சிப்பி பிறைநிலா வடிவில் வளைந்திருக்கும். குதிரையின் பல்லிலோ அது சிக்கலான மடிப்புகளாக ஓடும். பன்றியின் பல்லில் குமிழ்கள் தென்படும். முழங்காலுக்குக் கீழுள்ள நீண்ட எலும்பு, இரண்டு எலும்புகள் இணைந்து ஒன்றானது. அதன் கீழ்முனையில் இரட்டைக் கப்பி போன்ற அமைப்பு இருக்கும். ஆகவே ஒரு துண்டைக் கொண்டே மாட்டினமா, குதிரையினமா என்று கூறிவிடலாம்.

ஆனால் மாட்டினத்திற்குள் பசுவா, எருமையா, பைசனா என்று பிரிப்பது கடினம். தனிப் பல் ஒன்று பெரும்பாலும் அதற்குப் போதாது. கொம்பின் உள்ளெலும்பும் மண்டையோடும் கிடைத்தால்தான் துணிந்து சொல்ல இயலும். பைசன் எலும்புகளையும் மாட்டெலும்புகளையும் வேறுபடுத்துவதற்கென்றே ஸ்டான்லி ஆல்சன் என்பார் 1960ஆம் ஆண்டில் தனியாய்வு வெளியிட்டார் என்றால், அந்த வேலை எத்துணை நுட்பமானது என்பதை உணரலாம்.

பெயரிலும் ஒரு குழப்பம் உண்டு. பழனி மலைத்தொடரிலும் கொடைக்கானலிலும் நாம் காணும் காட்டுமாட்டினை ஆங்கிலேயர் 'இந்தியப் பைசன்' என்று அழைத்தனர். நம்மவரோ காட்டெருமை என்கிறோம். அது பைசனும் அன்று, எருமையும் அன்று. மாட்டின் நெருங்கிய உறவான தனி இனம் அது. இன்று உயிர்வாழும் உண்மையான பைசன்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள இரண்டு இனங்களே. பிறர் இட்ட பெயர் உண்மைப் பெயர் ஆகிவிடாது என்பதை நம் மக்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

சரி, அந்தப் பல் புதைபடிவமா? கறுத்திருப்பதால் பழையது என்று எண்ணிவிடக் கூடாது. மண்ணிலுள்ள இரும்பும் மாங்கனீசும் சில காலத்திலேயே எலும்பைக் கறுக்கச் செய்யும். ஆசிரியர், தாடைத் துண்டிலிருந்து தாமே உதிர்ந்த ஒரு துகளை மட்டும் நெருப்பில் காட்டினார். மயிர் கருகும் நாற்றம் எழுந்தது. எலும்பிலுள்ள புரதம் இன்னும் அழியவில்லை என்பதற்கு அது அறிகுறி. முற்றும் கல்லாகிவிட்ட எலும்பு அவ்வாறு நாறாது. "மாட்டினம் என்பது உறுதி. பசுவா எருமையா என்பதை இந்த ஒன்றைக் கொண்டு சொல்ல மாட்டேன். புதைபடிவம் அன்று" என்று அவர் முடித்தார். மாணவர் முகங்கள் வாடின. அறிவியல் முதலில் கற்பிக்கும் பாடம் இதுதான்: விரும்பியதைச் சொல்லாமல், சான்று அனுமதிப்பதை மட்டும் சொல்லுதல்.

நம் திண்டுக்கல் சமவெளி மிகப் பழைய உருமாறிய கடும்பாறைகளின் மேல் அமைந்தது. அப்பாறைகளில் விலங்கின் எலும்பு இராது. தேடுவதானால் ஆற்று வண்டல்களிலும் சுண்ணாம்புப் படிவுகளிலும்தான் தேட வேண்டும். ஆந்திரத்தின் கர்னூல்ப் பகுதியிலுள்ள பில்லசுர்க்கம் குகைகளில் 1880களில் இராபர்ட் புரூஸ் ஃபூட்டும் அவர் மகனும் அகழ்ந்தபோது விலங்கெலும்புகள் ஏராளமாகக் கிடைத்தன. சுண்ணாம்பு அவற்றைக் காத்து வைத்திருந்தது. அதே ஃபூட் 1863இல் கண்டறிந்த அத்திரம்பாக்கம், திருவள்ளூர் மாவட்டத்தில் கொற்றலையாற்றுப் படுகையில் உள்ளது. அங்குச் சாந்தி பப்பு அவர்களும் குமார் அகிலேஷ் அவர்களும் 1999 முதல் நடத்திய அகழ்வாய்வில் கற்கருவிகள் ஆயிரக்கணக்கில் வெளிவந்தன. அவற்றுள் மிகப் பழையவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுப் பழமையுடையவை என்று 2011இல் அறிவித்தனர். விலங்கின் சான்றாகக் கிடைத்தவையோ மிகச் சில பற்களே. மாட்டினத்தின் பல்லும் குதிரையினத்தின் பல்லும் அவற்றுள் அடங்கும். எலும்பு மண்ணோடு மண்ணாகும் நிலத்திலும் பல் நிற்கும். உடலிலேயே கடினமான பொருள் பற்சிப்பிதான். ஆகவே ஒரு பல்லை இழிவாக எண்ணாதீர்கள்.

இங்கே கடல்கடந்த ஒரு வரலாற்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஜார்ஜ் மெக்ஜங்கின் என்றொரு கறுப்பினத்தவர் இருந்தார். டெக்சாஸில் அடிமையாகப் பிறந்தவர். அடிமை முறை ஒழிந்தபின் மாடு மேய்ப்பவரானார். உடன் உழைத்தவர்களிடம் எழுத்துக் கற்றார். பண்ணையொன்றின் மேலாளாக உயர்ந்தார். 1908ஆம் ஆண்டில் நியூ மெக்சிகோவின் ஃபோல்சம் ஊரைப் பெருவெள்ளம் அழித்தது. அதன்பின் வேலி பழுதுபார்க்கச் சென்றவர், வெள்ளம் அரித்த ஓடையின் ஆழத்தில் எலும்புகள் நீட்டிக்கொண்டிருக்கக் கண்டார். வாழ்நாளெல்லாம் மாட்டோடு பழகிய கண் அது. இவை சாதாரண மாட்டெலும்பும் அன்று, இக்காலப் பைசன் எலும்பும் அன்று, அளவில் பெரியவை, மிக ஆழத்தில் கிடப்பவை என்று உணர்ந்தார். பலரிடம் கூறினார். அறிஞர் எவரும் வரவில்லை. 1922இல் அவர் மறைந்தார்.

அவர் மறைந்த பிறகே, அவரிடம் செய்தி கேட்டிருந்த உள்ளூர்க்காரர்கள் அங்குச் சென்று எலும்புகளை எடுத்தனர். டென்வர் அருங்காட்சியகத்தார் 1926இல் அகழ்ந்தனர். 1927இல் அழிந்துபோன பழம் பைசனின் விலா எலும்புகளிடையே மனிதன் செய்த கல் ஈட்டிமுனை பதிந்திருக்கக் கண்டனர். மனிதன் அமெரிக்காவுக்கு வந்து சில ஆயிரம் ஆண்டுகளே ஆயின என்று வாதிட்ட புலவர்கள் வாயடைத்தனர். பனிக்காலத்தின் இறுதியிலேயே அங்கு மனிதன் வேட்டையாடினான் என்பது நிலைநாட்டப்பட்டது. கண்டுபிடித்தவரின் பெயரோ பல பத்தாண்டுகள் கழித்தே அறிஞர் உலகில் பேசப்பட்டது.

மெக்ஜங்கினுக்கும் நம் தெருப் பெரியவருக்கும் இடையே உள்ள உறவை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். செத்த மாடு இழுக்கும் தொழிலைப் பெருமையாக்க நாங்கள் வரவில்லை. அது நம்மீது சுமத்தப்பட்ட அடிமைத்தனம். 1927இல் மகாடு மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் அவர்கள், இழிவைச் சுமத்தும் வழக்கங்களை உதறுமாறு நம் மக்களை அழைத்தார்கள். தீண்டாமையின் பெயரால் செத்த விலங்கை அகற்றவோ தோலுரிக்கவோ ஒருவரை வற்புறுத்துவது, 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில் தண்டனைக்குரிய குற்றம். அந்தத் தொழிலை மறுப்பது நம் உரிமை. அதனூடே நம் முன்னோர் தம் கண்ணாலும் கையாலும் ஈட்டிய அறிவு நம் சொத்து. தொழிலைத் துறப்போம், அறிவைத் துறக்க மாட்டோம். உரித்தவன் சொன்னால் தீட்டு, கல்லூரியில் படித்தவன் சொன்னால் உடற்கூற்றியல் என்னும் கணக்கை நாம் ஏற்கலாகாது.

அப்பெரியவரிடம் இல்லாதது எழுத்து ஒன்றே. எழுதிவைக்கப்படாத அறிவு, அதனை உடையவரோடு சுடுகாடு சென்றுவிடும். ஆகவே இளைஞர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இது. கிணறு வெட்டும்போதோ ஆற்றங்கரையிலோ எலும்பும் பல்லும் தென்பட்டால் உடனே பிடுங்கி எடுக்காதீர்கள். கிடந்த இடம், ஆழம், மண்ணின் நிறம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அருகில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள். இடத்தை விட்டுப் பெயர்ந்த எலும்பு பாதிச் சான்றை இழந்துவிடும். மதுரை அரசு அருங்காட்சியகத்திற்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவியுங்கள். கண்டெடுத்தவர் பெயரையும் நாளையும் எழுத்தில் பதியச் செய்யுங்கள்.

அன்று மாலை, "தாத்தா, வேண்டாம்" என்ற அதே பேரன் நம் நூலகத்திலிருந்து ஒரு குறிப்பேட்டை எடுத்துவந்து பாட்டனார் அருகில் அமர்ந்தான். பல்லின் படத்தை வரைந்து, அவர் சொன்னவற்றை ஒவ்வொன்றாக எழுதினான். முதற் பக்கத்தின் தலைப்பில் அவருடைய முழுப் பெயரையும் எழுதினான். அந்தக் குறிப்பேடு இன்று இவ்விழாக் கண்காட்சியில், நம் கழகத்தின் பழைய பதிவேடுகளுக்கு அருகே வைக்கப்பட்டிருக்கிறது. மாட்டுப் பல்லும் அதன் பக்கத்தில் இருக்கிறது. புதைபடிவம் அன்று என்று தெளிவாகச் சீட்டு எழுதி வைத்திருக்கிறோம். அனைவரும் கண்டு செல்லுமாறு வேண்டி அமைகிறோம்.