கொக்கலவிலிருந்து பேர்த் வரை



இரண்டு ஊர்களுக்கிடையே எவ்வளவு தூரம் என்று வினவினால், மாணவர் தேசப்படத்தில் அளவுகோலை வைத்து விடை கூறிவிடுவர். எத்தனை மணி நேரம் செல்லும் என்றால், தூரத்தை வேகத்தால் வகுப்பர். இந்த எளிய வகுத்தற் கணக்கை நம்பி உயிரைப் பணயம் வைத்தோர் சிலரின் வரலாறு நமது நாட்டின் தென்கரையோடு தொடர்புடையது. அதனையே இன்று கூற எண்ணுகின்றேன்.

காலிக்கு அண்மையில் உள்ளது கொக்கல வாவி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப் படை அதனை நீர்விமானத் தளமாக்கியது. எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த ஊர் அது. தளத்துக்காக ஊரவர் வீடுவாசலை விட்டுப் பெயர நேர்ந்தது. 1942 பெப்ருவரியில் சிங்கப்பூர் யப்பானியர் வசமாகவே, அவுஸ்திரேலியாவுக்கும் பிரித்தானியாவுக்கும் இடையிலான வான்வழி அறுந்தது. அதனை மீண்டும் இணைக்க, 1943இன் நடுப்பகுதியில் குவான்டாஸ் நிறுவனத்தார் கொக்கல வாவிக்கும் பேர்த் நகரின் சுவான் ஆற்றுக்கும் இடையே கற்றலினா நீர்விமானங்களைச் செலுத்தலாயினர்.

தூரம் 3,513 மைல். இடையில் இறங்குதல் இல்லை. மணிக்கு 117 மைல் வேகமெனக் கொண்டால் 30 மணி நேரம் ஆகும். ஆனால் விமானம் காற்றினுள்ளே செல்வது. காற்றோ தானும் நகர்வது. மணிக்குப் பத்து மைல் எதிர்க்காற்று வீசினாற்கூடப் பயணம் ஏறக்குறைய 33 மணியாக நீளும். அதே காற்று பின்னின்று தள்ளினால் 28 மணிக்குள் முடிந்துவிடும். தூரம் ஒன்றே; நேரம் ஒன்றன்று. உண்மையில் அப்பயணங்கள் 27 முதல் 33 மணி வரை எடுத்தன. மிக நீண்டது 32 மணி 9 நிமிடம்.

மூன்று மணி நேரம் தாமதித்தால் என்ன என்று கேட்கலாம். பேருந்துக்குக் காத்திருப்பவருக்கு அது சலிப்பு மட்டுமே. நடுக்கடலின் மேல் இருப்பவருக்கோ அது எரிபொருட் கணக்கு. அதனாலேயே வேண்டாத கருவிகளையெல்லாம் கழற்றி, அவற்றின் எடைக்கு ஈடாக எரிபொருளை ஏற்றினர். பயணிகள் மூவருக்கு மேல் இல்லை. தபாற்பொதி 69 கிலோகிராம். ஆயுதமும் இல்லை. புறப்பட்ட முதற் பல மணி நேரத்தில் ஓர் இயந்திரம் நின்றுவிடின், அந்தப் பாரத்தை மற்றையது தாங்காது.

எதிரி அறியாதிருக்க வானொலி மௌனம் காத்தனர். வானொலியில் பேசும் எனக்கு அம்மௌனத்தின் கடுமை ஓரளவு புரிகின்றது. வழிகாட்டியவை விண்மீன்களே. ஐந்து விமானங்களுக்கும் விண்மீன்களின் பெயர்களையே சூட்டியிருந்தனர். அவற்றுள் ஸ்பைக்கா, அந்தாரிஸ், அல்தயர் என்பன நம் பஞ்சாங்கத்தில் சித்திரை, கேட்டை, திருவோணம் எனப்படுபவை.

ஒரே பயணத்தில் இருமுறை சூரியோதயம் கண்டமையால், பயணிகளுக்கு ‘இரட்டைச் சூரியோதய இரகசியச் சங்கம்’ என்ற பெயரில் ஒரு சான்றிதழ் வழங்கினர். 

1945 யூலை வரை இவ்வாறு 271 முறை இந்து சமுத்திரத்தைக் கடந்தனர். ஒரு விமானமேனும் வழியில் தொலையவில்லை. போர் முடிந்தபின், அமெரிக்கரிடமிருந்து அவற்றைப் பெற்ற உடன்படிக்கையின்படி, அந்த ஐந்தையும் அவுஸ்திரேலியக் கரைக்கு அப்பால் கடலில் அமிழ்த்திவிட்டனர்.